அருகில் மருத்துவமனை, தொலைவில் மொழி: திருமுடிவாக்கத் தொழிற்பேட்டையின் புலம்பெயர் தொழிலாளரும் இருமொழித் தொலைமருத்துவமும்

ஆய்வுச்சுருக்கம்

சென்னையின் தென்புறநகர்த் தொழிற்பகுதிகளுள் ஒன்றான திருமுடிவாக்கத்தில் பீகார், ஒடிசா, மேற்குவங்கம், ஜார்க்கண்ட், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர் பலர் பணிபுரிகின்றனர். மருத்துவமனைகள் அண்மையில் இருந்தும், தம் நோயைத் தாமே எடுத்துரைக்கும் வாய்ப்பு இவர்களுக்கு அரிதாகவே கிடைக்கிறது. இந்த இடைவெளியை நிரப்ப இருமொழித் தொலைமருத்துவம் எவ்வகையில் துணைசெய்யும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. சட்டங்கள், அரசு வழிகாட்டு நெறிகள், வெளிவந்த ஆய்வுகள், மொழி ஒப்பீடு ஆகியன இதற்கு அடிப்படைகளாக அமைகின்றன.

திறவுச்சொற்கள்: தொலைமருத்துவம், புலம்பெயர் தொழிலாளர், மருத்துவ மொழிபெயர்ப்பு, இ-சஞ்சீவனி, திருமுடிவாக்கம், காசநோய்.

1. முன்னுரை

தொலைமருத்துவம் என்னும் சொல்லே தொலைவைக் கடத்தல் என்னும் நோக்கத்தைச் சுட்டுகிறது. மலைச்சிற்றூர், தீவு, மருத்துவரில்லா ஊர் ஆகியவற்றை நகரத்து வல்லுநருடன் இணைப்பதே அதன் தொடக்ககாலப் பணியாக இருந்தது. இந்தியத் தொலைமருத்துவ வரலாற்றில் முதன்மையாகக் குறிக்கப்பெறும் 2000ஆம் ஆண்டின் அரகொண்டா முயற்சி (ஆந்திரப் பிரதேசச் சிற்றூரொன்றை அப்பல்லோ மருத்துவமனையுடன் இணைத்தது) இந்நோக்கில் எழுந்ததேயாகும்.

திருமுடிவாக்கத்தின் நிலை வேறு. குரோம்பேட்டை அரசு மருத்துவமனையும் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையும் பேருந்தில் சென்று திரும்பும் அளவிலேயே உள்ளன. ஆயினும், மருத்துவர்முன் அமர்ந்தபின் என்ன நேர்கிறது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. 'எங்கே வலிக்கிறது? எப்போதிருந்து?' என்னும் இரு வினாக்களுக்குத் தம் மொழியில் விடைகூற இயலாத நோயாளிக்கு, மருத்துவமனையின் அண்மை பாதிப் பயனையே தரும். தொலைமருத்துவத்தை மொழித்தொலைவைக் கடக்கும் கருவியாகக் காணலாகுமா என்பதே இக்கட்டுரையின் வினா.

2. ஆய்வுக்களம்

திருமுடிவாக்கம் காஞ்சிபுரம் மாவட்டம் குன்றத்தூர் வட்டத்தைச் சார்ந்த ஊர். 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சியின் பம்மல், அனகாபுத்தூர் பகுதிகள் இதன் அண்மையில் உள்ளன. வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை இப்பகுதியைத் தொட்டுச் செல்கிறது. இங்குள்ள சிட்கோ தொழிற்பேட்டையில் பொறியியல் உதிரிப்பாகங்கள், வாகன உறுப்புகள் முதலியவற்றைச் செய்யும் சிறு, குறு நிறுவனங்கள் மிகுதி. பெருநிறுவனங்களைப் போலத் தமக்கென மருத்துவரை அமர்த்தும் வலிமை இத்தகைய பட்டறைகளுக்கு இல்லை.

தமிழக அரசின் தொழிலாளர் துறை 2015–16 காலத்தில் மேற்கொண்ட கணக்கெடுப்பு, மாநிலத்தில் 10.67 இலட்சம் புலம்பெயர் தொழிலாளர் உள்ளதாகக் காட்டியது. அவர்களுள் மிகப்பெரும் பங்கினர் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தனர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களுள் ஏறத்தாழ 88 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். எனவே, மாநிலத்தின் மருத்துவச் சேவை தமிழில் அமைந்திருப்பது இயல்பே. அந்த இயல்பான ஏற்பாட்டின் விளிம்பில் நிற்பவர்களே இத்தொழிலாளர்.

சட்டம் இவர்களை மறந்துவிடவில்லை. 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கு இடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டம், வரையறுக்கப்பட்ட மருத்துவ வசதியை ஒப்பந்ததாரர் கட்டணமின்றித் தரவேண்டும் என்றது. 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் உரிய ஊதிய வரம்புக்குட்பட்டோருக்கு மருத்துவப் பயனை உறுதிசெய்தது. ஒப்பந்தத் தொழிலாளரும் இதில் அடங்கினர். எனினும், பத்துப்பேருக்குக் குறைவான பட்டறைகள் இவ்வரம்புக்கு வெளியே நின்றுவிட்டன. வரம்புக்குள் இருப்போருக்கும் உரிமை உள்ளது என்பது ஒன்று. அவ்வுரிமையைப் பெறும் மொழி உள்ளது என்பது மற்றொன்று.

3. தொலைமருத்துவத்தின் இன்றைய நெறிகள்

2020 மார்ச் 25 அன்று இந்திய மருத்துவக் கழகத்தின் பணியை அப்போது ஆற்றிவந்த ஆளுநர் குழு, நிதி ஆயோக்கின் துணையுடன் தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அவற்றுள் நம் பொருளுக்கு இன்றியமையாதவை மூன்று.

முதலாவது, பதிவுபெற்ற மருத்துவர் இந்தியாவின் எப்பகுதியிலிருந்தும் எப்பகுதியில் உள்ள நோயாளிக்கும் தொலைவழி ஆலோசனை வழங்கலாம். ஆகவே, பாட்னாவிலோ கட்டக்கிலோ இருக்கும் மருத்துவர் திருமுடிவாக்கத்தில் இருப்பவருக்கு ஆலோசனை கூறச் சட்டத்தடை இல்லை.

இரண்டாவது, நோயாளி தாமே அழைப்பைத் தொடங்கினால் அவருடைய இசைவு உள்ளுறையாகக் கொள்ளப்படும். நலப்பணியாளரோ உடனிருப்பவரோ மருத்துவரோ தொடங்கினால் வெளிப்படையான இசைவு பதிவுசெய்யப்பட வேண்டும்.

மூன்றாவது, மருந்துகள் வகைப்படுத்தப்பட்டுள்ளன. காய்ச்சலுக்கான பாராசிட்டமால் போன்றவற்றை எவ்வகைத் தொடர்பிலும் பரிந்துரைக்கலாம். சில மருந்துகளுக்கு முதல் ஆலோசனை காணொளியாக அமைதல் வேண்டும். சிலவற்றைத் தொடர்சிகிச்சையில் மட்டுமே மீளப் பரிந்துரைக்கலாம். போதைத்தன்மையுடைய மருந்துகளைத் தொலைவழியில் பரிந்துரைக்கவே கூடாது.

மத்திய அரசின் இ-சஞ்சீவனி சேவை 2019இல் நலவாழ்வு மையத்திலிருந்து மருத்துவரை இணைக்கும் வடிவில் தொடங்கியது. 2020 ஏப்ரலில் நோயாளி வீட்டிலிருந்தே மருத்துவரை அணுகும் வடிவம் வந்தது. 2023 பிப்ரவரியில் இதன்வழி நிகழ்ந்த ஆலோசனைகள் 10 கோடியைக் கடந்தன. தமிழகத்தில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் நோயாளியின் இல்லத்திற்கே சேவையைக் கொண்டுசென்றது. 2024இல் அது 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' என்னும் வடிவில் பணியிடத்தையும் எட்டியது. இவ்விரு கிளைகளும், அதாவது திரைவழி மருத்துவமும் பணியிடப் பரிசோதனையும், இணையும் இடத்திலேயே இருமொழிச் சேவைக்கு வாய்ப்பு உள்ளது.

4. மொழி நோயறிதலைத் திரிக்கும் வகை

மொழி தெரியாமை வெறும் அமைதியை மட்டும் உண்டாக்குவதில்லை; சில வேளைகளில் தவறான பொருளையும் உண்டாக்குகிறது. அரைகுறை அறிமுகமே கூடுதல் இடர்தரும். சில சான்றுகளைக் காண்போம்.

இந்தியில் 'சக்கர்' என்பது தலைச்சுற்றலைக் குறிக்கும். பேச்சுத்தமிழில் நீரிழிவைச் 'சக்கரை' என்பர். 'சக்கர் ஆ ரஹா ஹை' என்பவர் தமக்குத் தலை சுற்றுவதாகக் கூறுகிறார். அதனை நீரிழிவு எனக் கொண்டால் இரத்த அழுத்தமோ வெப்பத்தளர்ச்சியோ கவனிக்கப்படாமல் போகலாம்.

இந்தியில் 'கல்' என்னும் சொல் நேற்று, நாளை ஆகிய இரண்டையும் குறிக்கும். வினைமுற்றே காலத்தைத் தெளிவுபடுத்தும். 'கல் ஸே பேட் மே தர்த் ஹை' என்றால் நேற்றிலிருந்து வயிற்றில் வலி என்பது பொருள். 'தர்த்' என்றால் வலி எனக் கேட்டறிந்திருக்கும் தமிழருக்கு, வயிற்றுவலியோடு 'கல்' என்ற ஒலி சேரும்போது சிறுநீரகக்கல் நினைவுக்கு வருதல் இயல்பு. கல்லடைப்புக்கு இந்தியில் வழங்கும் சொல் 'பத்ரி'. மருந்து உண்ணும் நாளைக் கூறும்போது 'கல்' என்று மட்டும் சொல்லி நிறுத்துவதும் குழப்பம் தரும்.

ஒடியாவில் 'முண்ட' என்பது தலை. தமிழில் 'முண்டம்' என்பதோ தலையற்ற உடல். தலைவலியைக் கூறும் ஒடியாத் தொழிலாளி உடல்வலியைக் கூறுவதாகத் தோன்ற இடமுண்டு. இதற்கு மாறாக, உதவும் ஒப்புமைகளும் உள. ஒடியாவின் 'ஜ்வர', வங்கத்தின் 'ஜோர்', தமிழின் 'சுரம்' ஆகியவை ஒரே வடசொல் மூலத்தவை. காய்ச்சல் என்பது விளங்காதபோது சுரம் என்பது விளங்கக்கூடும்.

திரிபு இருதிசையிலும் நிகழும். தமிழ்மருத்துவர் 'மயக்கம் வந்ததா?' என வினவுகிறார். தமிழில் மயக்கம் என்பது தலைச்சுற்றல், உணர்விழத்தல், அரைத்தூக்க நிலை, போதை ஆகிய அனைத்தையும் தழுவும். இந்தியில் இவை 'சக்கர்', 'பேஹோஷி', 'நஷா' முதலிய தனிச்சொற்களாகப் பிரிந்து நிற்கும். மொழிபெயர்ப்பவர் 'நஷா' என்பதைத் தேர்ந்துவிட்டால், இயந்திரத்தின்முன் உணர்விழந்து விழுந்த ஒருவர் குடித்திருந்தவராகப் பதிவாகிவிடுவார். விபத்து இழப்பீட்டு வழக்கில் அப்பதிவு அவருக்கு எதிராகவே நிற்கும்.

இத்தகைய திரிபு கற்பனையன்று என்பதற்கு அமெரிக்காவில் 1980இல் நிகழ்ந்த ஒரு வழக்கு சான்று. புளோரிடாவில் 18 வயது இளைஞர் ஒருவர் உணர்விழந்த நிலையில் கொண்டுவரப்பட்டார். உண்டது ஒவ்வாமையால் நேர்ந்த கேடு என்னும் பொருளில் குடும்பத்தார் கூறிய 'இந்தோக்ஸிகாதோ' என்னும் ஸ்பானியச் சொல், போதைப்பொருள் மிகை எனக் கொள்ளப்பட்டது. உண்மையில் அவருக்கு மூளையில் இரத்தக்கசிவு. சிகிச்சை தாமதமானதால் அவர் கைகால்கள் செயலிழந்தன. மருத்துவமனைத் தரப்பு ஏற்ற இழப்பீட்டின் மொத்த மதிப்பு ஏறத்தாழ 7.1 கோடி டாலர்.

5. இடையில் நிற்பவர்

தொழிலாளியுடன் மருத்துவமனைக்கு வருபவர் பெரும்பாலும் அவரைப் பணிக்குக் கொணர்ந்த ஒப்பந்ததாரரோ மேற்பார்வையாளரோ தமிழ் சிறிது கற்ற உடன்பணியாளரோ ஆவர். இவருள் முதல் இருவரின் நிலை கூர்ந்து நோக்கத்தக்கது. நோயாளிக்கு எத்தனை நாள் ஓய்வு என்பதை மருத்துவர் கூறுவதைக் கேட்பவரும், அவ்வோய்வால் பணியிழப்பை எதிர்கொள்பவரும் ஒருவரேயாகின்றனர். அழுத்துப்பொறியில் விரல் நசுங்கியது எவ்வாறு என்னும் வினாவிற்கு, பொறியின் காப்பு நீக்கப்பட்டிருந்தது என்னும் விடை அவர் வாய்வழியே வருமா? தீய எண்ணம் ஏதுமின்றியே விடை சுருங்கிவிடக்கூடும்.

உடன்பணியாளரிடத்து இந்நலமுரண் இல்லை. ஆயின் மறைகாப்பு இல்லை. ஒரே அறையில் பலர் தங்கும் வாழ்க்கையில் காசநோய், பால்வினைநோய், மனச்சோர்வு ஆகியன பற்றிய செய்தி அறைத்தோழர் வழியே செல்வதை எவரும் விரும்பார். ஆகவே, நோயாளி பாதியை மறைப்பார். மொழிபெயர்ப்பவர் மீதியில் பாதியைச் சுருக்குவார்.

கிளென் புளோரஸ் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதனை அளந்து காட்டியது. ஸ்பானியம் பேசும் குடும்பத்தினரும் ஆங்கிலம் பேசும் மருத்துவரும் சந்தித்த 13 குழந்தைநல ஆலோசனைகளில் 396 மொழிபெயர்ப்புப் பிழைகள் காணப்பட்டன. ஓர் ஆலோசனைக்குச் சராசரி 31. அவற்றுள் 63 விழுக்காடு மருத்துவ விளைவை உண்டாக்கக்கூடியவை. தற்செயல் மொழிபெயர்ப்பாளர் செய்த பிழைகளுள் இத்தகையன 77 விழுக்காடு. மருத்துவமனை மொழிபெயர்ப்பாளர் செய்தவற்றுள் 53 விழுக்காடு. மொழிபெயர்ப்பாளரை நியமிப்பது மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும் என்பதே இவ்விரு எண்களும் சேர்ந்து உணர்த்தும் பாடம்.

6. பிற இடங்களின் அனுபவம்

அமெரிக்காவில் 2020 கணக்கெடுப்பின்படி ஹிஸ்பானியர் 6.21 கோடியினர். அங்கு 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம், தேசியப் பிறப்பின் அடிப்படையிலான வேற்றுமையைத் தடைசெய்தது. மொழியுதவி மறுப்பும் அவ்வகை வேற்றுமையே என விளக்கம் பெற்றது. 2010ஆம் ஆண்டின் மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டத்தின்கீழ் 2016இல் வந்த விதிகள், தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளரை வலியுறுத்தின. அவசரநிலை தவிரக் குழந்தைகளை மொழிபெயர்க்க வைப்பதையும் தடைசெய்தன. அதனால் தொலைபேசி, காணொளி வழியாக மொழிபெயர்ப்பாளரை மூன்றாமவராக இணைக்கும் முறை அங்கு வேரூன்றியது.

நமக்கு இன்னும் அண்மையான சான்று கேரளம். 2017இல் அம்மாநில அரசு புலம்பெயர் தொழிலாளருக்கென 'ஆவாஸ்' காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. எர்ணாகுளம் மாவட்டத்தில் தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் துணையுடன் 'பந்து' என்னும் நடமாடும் மருத்துவமனை தொழிலாளர் தங்குமிடங்களுக்கே சென்றது. சேவையின் பெயரையே வருபவரின் மொழிக்குரியதாக வைத்தமை குறிப்பிடத்தக்கது.

7. காசநோய்: ஒரு தேர்வுகல்

இருமொழிச் சேவையின் தேவையைத் தெளிவாகக் காட்டும் நோய் காசம். தாம்பரம் சானடோரியம் 1928இல் மருத்துவர் சௌரி முத்துவால் நிறுவப்பெற்று, 1937இல் அரசுவயமாயிற்று. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம் (இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) நடத்திய ஆய்வு, சானடோரியத்தில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு வீட்டிலிருந்து பெறும் சிகிச்சை குறைந்ததன்று என நிறுவி, உலகின் காசநோய்ச் சிகிச்சை முறையையே மாற்றியது. நோயாளி படுக்கும் இடத்தினும் மருந்தை இடைவிடாது உண்ணுதலே முதன்மை என்பதே அதன் சாரம்.

இடைவிடாமை என்பது பேச்சால் காக்கப்படுவது. சாதாரணக் காசநோய்க்குக் குறைந்தது ஆறு மாதம் மருந்து வேண்டும். இருமல் நின்றபின்னும் மருந்து ஏன் தொடரவேண்டும், சிறுநீர் செம்மஞ்சளாவது ஏன் அச்சத்திற்குரியதன்று, கண் மஞ்சளித்தால் ஏன் உடனே வரவேண்டும் என்பவற்றை விளக்காமல் வில்லையை மட்டும் தருவது பயனற்றது. சட் பூஜைக்கோ அறுவடைக்கோ ஊர் செல்லும் தொழிலாளி இடையில் மருந்தை விட்டால், மருந்தெதிர்ப்புக் காசம் தோன்றும் இடர் அவருக்கும் அறைத்தோழருக்கும் உண்டு. 2012இல் தொடங்கிய நிக்ஷய் பதிவேட்டில் நோயாளியை ஒரு மாவட்டத்திலிருந்து மற்றொன்றிற்கு மாற்றும் வசதி உள்ளது. பயணத்தை முன்கூட்டியே கூறும்படி நோயாளியிடம் சொல்வதற்கு மொழி இருந்தால்தான் அவ்வசதி பயன்படும்.

8. நான்கு வழிகளும் அவற்றின் எல்லைகளும்

அ. தம்மொழி மருத்துவர்: ஆலோசனை நேரடியாக அமையும். எனினும், இ-சஞ்சீவனியின் வெளிநோயாளர் சேவை மாநிலவாரியாக அமைந்துள்ளது. பீகார் மருத்துவர் எழுதும் மருந்து இங்குள்ள அரசு மருந்தகத்தில் கிடைக்கும் என்னும் உறுதியில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டிய நிலையில் உள்ளூர் மருத்துவரே தேவை.

ஆ. காணொளி மொழிபெயர்ப்பாளர்: உள்ளூர் மருத்துவரும் நோயாளியும் நேரில் இருக்க, மொழிபெயர்ப்பாளர் திரைவழி இணைவார். பரிசோதனையும் உள்ளூர் மருந்தும் உறுதியாகும். ஒரு மொழிபெயர்ப்பாளர் பல மையங்களுக்குப் பணியாற்றலாம். ஆலோசனை நேரம் நீளும் என்பது இதன் குறை.

இ. பயிற்சிபெற்ற தொழிலாளர் துணைவர்: நீண்டகாலம் இங்கு வாழ்ந்து தமிழறிந்த தொழிலாளரையோ அவர்தம் குடும்பப் பெண்களையோ ஊதியத்துடன் பயிற்றுவித்தல். நம்பிக்கை எளிதில் வரும். மறைகாப்புப் பயிற்சியின்றி இது பயன் தராது.

ஈ. இயந்திர மொழிபெயர்ப்பு: 2022இல் தொடங்கப்பெற்ற 'பாஷினி' போன்ற அரசு முயற்சிகளால் இந்திய மொழிகளிடையே மொழிபெயர்ப்பு வளர்ந்துவருகிறது. சந்திப்பு நேரம், மருந்து அட்டவணை முதலிய நிலைத்த தொடர்களுக்கு இது ஏற்றது. 'சக்கர்', 'மயக்கம்' போன்ற சொற்களில் சூழலறிந்து மறுவினா எழுப்புபவர் மனிதரே.

மொழிப்பட்டியலும் கவனத்திற்குரியது. பீகாரிலிருந்து வருபவர் அனைவரும் இந்தியைத் தாய்மொழியாகக் கொண்டவரல்லர். போஜ்புரி, மகஹி, மைதிலி பேசுவோர் உளர். ஜார்க்கண்டிலிருந்து சந்தாலி பேசுவோரும் வருகின்றனர். இவற்றுள் மைதிலியும் சந்தாலியும் எட்டாம் அட்டவணையில் உள்ளன. போஜ்புரியும் மகஹியும் இல்லை. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இசைவு கோரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாம் அட்டவணை மொழிகளுள் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பை உரியவருக்குத் தருகிறது. வடஇந்தியத் தொழிலாளர் அனைவருக்கும் இந்தி போதும் என்னும் எண்ணம் ஒடியா, வங்கத் தொழிலாளரையும் விட்டுவிடும்.

9. இயலத்தக்க அமைப்பு

மேற்கண்டவற்றை இணைத்து நோக்கின், திருமுடிவாக்கம் போன்ற தொழிற்பேட்டைக்கு இரண்டாம், மூன்றாம் வழிகளின் கூட்டே பொருந்தும். தொழிற்பேட்டையில் பணிமாற்ற நேரத்தை ஒட்டிய மாலை வேளையில் இயங்கும் ஒரு தொலைமருத்துவ அறை. அதில் ஒரு செவிலியரும் ஒரு தொழிலாளர் துணைவரும். திரையில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரும், தேவைப்படின் மொழிபெயர்ப்பாளரும் என அதனை அமைக்கலாம். அதற்கு நான்கு நெறிகள் வேண்டும்.

ஒன்று, ஒப்பந்ததாரரும் மேற்பார்வையாளரும் ஆலோசனையின்போது அறைக்கு வெளியே இருத்தல். இரண்டு, இசைவை நோயாளியின் மொழியிலேயே கேட்டு, எம்மொழியில் கேட்கப்பட்டது என்பதையும் பதிதல். மூன்று, மருந்துச்சீட்டை இருமொழியில் தருதலோடு, எழுதப்படிக்க இயலாதவருக்குக் காலை, மாலைக் குறியீடுகளும் குரல்பதிவும் தருதல். நான்கு, நோயாளி தாம் புரிந்துகொண்டதைத் தம் மொழியில் திரும்பக் கூறச் செய்து, அதனை மருத்துவர் சரிபார்த்தல்.

தமிழாய்வாளருக்கும் இதில் பணியுண்டு. தமிழ்–இந்தி, தமிழ்–ஒடியா, தமிழ்–வங்க மருத்துவ உரையாடற் கையேடுகள் பேச்சுவழக்கை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கப்பட வேண்டும். கலைச்சொல்லகராதிகள் நோயின் பெயரைத் தருகின்றன. நோயாளி வாய்மொழியாகக் கூறும் உடற்குறையின் பெயரைத் தருவன அரியவை. 'மேல்வலி', 'நெஞ்சு கரிக்கிறது', 'கைகால் அசதி' ஆகியவற்றிற்கு நேரான ஒடியா வழக்கைக் கண்டறிதல் மொழியியலாளரும் மருத்துவரும் கூடிச் செய்யத்தக்க ஆய்வு.

10. முடிவுரை

2023 மார்ச்சு மாதத்தில் புலம்பெயர் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது, தமிழக அரசு அவற்றை மறுத்து, உதவி எண்களையும் அறிவித்தது. புரியும் மொழியில் நம்பகமான செய்தி எட்டாத இடத்தை வதந்தி எவ்வளவு விரைவாக நிரப்பும் என்பதை அந்நிகழ்வு காட்டியது. நோய் குறித்த வதந்திக்கும் இது பொருந்தும்.

நோயாளியின் மொழியில் மருத்துவம் வழங்குதல் மாநிலத்தின் மொழிக்கொள்கைக்கு முரணானதன்று. ஒருவர்மீது ஒரு மொழியைச் சுமத்தலும், துன்புறும் ஒருவரின் மொழிக்குச் செவிகொடுத்தலும் வேறுவேறு. தாராவியில் வாழும் தமிழ் முதியவர் மும்பை மருத்துவமனையில் தம் நெஞ்சுவலியைத் தமிழில் கூற இயலவேண்டும் என நாம் விரும்புவோமாயின், அதே உரிமை திருமுடிவாக்கத்தில் அழுத்துப்பொறி இயக்கும் ஒடியா இளைஞருக்கும் உண்டு. கருவிகளும் சட்ட இடமும் ஏற்கனவே உள்ளன. பயிற்சிபெற்ற மொழிபெயர்ப்பாளர் பணியிடங்களை மருத்துவத்துறை உருவாக்குவதும், அவர்களுக்குரிய சொல்வளத்தைப் பல்கலைக்கழகத் துறைகள் தொகுத்துத் தருவதும் அடுத்து ஆற்றவேண்டிய பணிகளாகும்.